பிரம்பும் பாலும் நுரையும்: கைவினை விமானத்துக்கு ஆசனம் அமைத்தல்

விமானம் என்றதும் பெருந்தொழிற்சாலையில் ஆயிரம் பேர் கூடிச் செய்யும் பெரும்பொறியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மோட்டார் நிறுத்தும் கொட்டகையிலும், வீட்டு மாடியிலும், தச்சுப் பட்டறையிலும் தனியொருவர் தம் கையாலேயே கட்டிப் பறக்கவிடும் விமானங்களும் உலகில் பல்லாயிரம் உண்டு. அமெரிக்காவில் இம்முயற்சியாளர்க்கென்றே 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் பால் பொபெரெஸ்னி என்பார் ஒரு சங்கம் கண்டார். அந்நாட்டுச் சட்டமும் இவர்களுக்கு இடந்தருகிறது. வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்ததாகக் காட்டுவாராயின், தொழிற்சாலை விமானத்துக்குரிய கடுமையான சான்றிதழ் முறைகள் இன்றியே, ‘சோதனை வகை’ என்னும் பெயரில் பறக்க இசைவு கிடைக்கும்.

இவர்கள் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பர். ஆசனத்தையோ கடைசி மாதத்துக்கு ஒத்திவைப்பர். கடையில் கிடைத்த மெத்தைத் துண்டை வெட்டிப் போட்டு அதன்மேல் ஒரு துணியைத் தைத்துவிட்டால் ஆசனம் ஆயிற்று என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணம் இரு வகையில் தவறானது. முதலாவது, நான்கு மணி நேரம் பறப்பதற்குரிய எண்ணெய் இருந்தும், இரண்டாம் மணியிலேயே இடுப்பு ‘இறங்கு, இறங்கு’ என்று நச்சரிக்கத் தொடங்குமானால், ஓட்டுபவரின் கவனம் மேகத்திலும் காற்றிலும் நில்லாது வலியிலேயே நிற்கும். வலியோடு எடுக்கும் முடிவு அவசர முடிவாகவே இருக்கும். இரண்டாவது, விமானம் தரையில் மோதும் அந்த ஒரு நொடியில், முதுகெலும்புக்கும் இரும்புத் தளத்துக்கும் இடையே நிற்பது அந்த மெத்தை ஒன்றுதான்.

ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த வானூர்தி தமிழிலக்கியம் படித்தார்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கிறான். அதனை இயக்கும் முறையையும் அவள் முன்கூட்டியே பயில்கிறாள். நிறைகருவோடு அதில் ஏறித் தப்பியவள், பகைவனின் வெற்றி முரசம் கேட்டு மயங்க, பொறி சுடுகாட்டில் வந்திறங்குகிறது. அது கற்பனையே. ஆயினும் ஓட்டுபவரின் உடல்நிலையும் மனநிலையும் ஊர்தியின் போக்கை மாற்றிவிடும் என்னும் உண்மை அக்கற்பனைக்குள் இருக்கிறது.

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வந்தால், தமிழ் மண்ணிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்னும் கார்சிகத் தீவினர், 1909-ஆம் ஆண்டு பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் ஊக்கம் பெற்று, தாமே ஒரு விமானத்துக்கு வரைபடம் வகுத்தார். 1910-இல் அது பல்லாவரத்தில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. அதைக் கட்டிக்கொடுத்தது எந்த விமானத் தொழிற்சாலையும் அன்று. குதிரை வண்டிகள் செய்து பேர்பெற்ற சிம்சன் கம்பெனியே கட்டிக்கொடுத்தது. இது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் வியப்பில்லை. மரத்தை இலேசாகவும் உறுதியாகவும் வளைத்துப் பூட்டுவது, துணியை இழுத்துக் கட்டுவது, மேடுபள்ளமான சாலையில் மனிதன் நோகாமல் அமர இருக்கை அமைப்பது ஆகிய மூன்றும் வண்டித் தச்சர் தலைமுறையாக அறிந்தவை. அக்காலத்து விமானத்துக்கு வேண்டியிருந்த கைத்திறனும் ஏறக்குறைய அதுவே. நம் காலத்தில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டி, 2016-இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். மறு ஆண்டு அதற்கு அரசின் பதிவும் கிடைத்தது.

பிரம்பு நாற்காலி பறந்த காலம்

ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானத்தில் ஆசனமே இல்லை. கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டே ஓட்டினர். 1908-இல்தான் நிமிர்ந்து உட்கார இருக்கை வைத்தனர். அவ்வாண்டு மே மாதம் உடன் ஒருவரை ஏற்றிப் பறந்ததும் அதனாலேயே இயன்றது. பின்னர் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றிலும், போருக்குப்பின் வந்த முதற் பயணி விமானங்களிலும் பின்னல் நாற்காலிகளே இடம்பெற்றன. சோப்வித் கேமல் என்னும் புகழ்பெற்ற போர் விமானத்தின் ஓட்டுநர் அமர்ந்ததும் பின்னல் இருக்கையில்தான்.

பிரம்பு என்றதும், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்க்கு வேறொரு நினைவு எழுந்து உள்ளங்கை கூசக்கூடும். அந்த ரோத்தானை இங்கே மறந்துவிடலாம். மூங்கிலைப்போல் உள்ளே குழலாக இல்லாமல் முழுத்தண்டாக இருப்பது பிரம்பின் சிறப்பு. சூடு காட்டினால் வேண்டியவாறு வளையும். ஆறினால் அவ்வளைவிலேயே நிற்கும். மலாய்க் காடுகளில் விளையும் மானாவ் என்னும் பருத்த வகை சட்டத்துக்கும், சேகா என்னும் மெல்லிய வகை பின்னலுக்கும் உகந்தவை. இந்த வட்டாரத்துப் பிரம்பெல்லாம் சிங்கப்பூர்ச் சந்தை வழியாகவே பெரும்பாலும் மேல்நாடு சென்றது. தோட்டத்து ஆபீசில் கிராணியார் அமர்ந்த பின்னல் நாற்காலியை நினைத்துப் பார்த்தால், அதில் இரண்டு நன்மைகள் விளங்கும். பின்னல் உடலின் வடிவத்துக்கு ஏற்பச் சிறிது தாழ்ந்து, எடையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. கண்களின் வழியே காற்றுப் புகுந்து வியர்வையை உலர்த்துகிறது. இன்று விலையுயர்ந்த நாற்காலிகளில் வலைத்துணி கட்டுவது இதே நோக்கத்தால்தான்.

பால் மெத்தையான கதை

பிரம்புக்குப்பின் விமான ஆசனத்துக்குள் புகுந்தது ரப்பர். ரந்தாவ், லாபு, பகாவ் என நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய் மரம் வெட்டிய கைகளுக்கு, தாம் வடித்த பால் எங்கெல்லாம் போய் எப்படியெல்லாம் உருமாறியது என்பது பெரும்பாலும் தெரிவிக்கப்படவில்லை. டயர் ஆயிற்று என்பது வரை எல்லாரும் அறிவர். அது மெத்தையும் ஆயிற்று. 1929-இல் பிரிட்டனில் டன்லப் கம்பெனியின் ஆய்வாளர்கள், கெட்டியாக்கிய ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, அந்நுரை அடங்குமுன் உறையச்செய்யும் முறையைக் கண்டனர்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து, சுழல்பொறியிலிட்டு நீரைப் பிரித்தால், நூற்றுக்கு 60 பங்கு ரப்பருள்ள கெட்டிப்பால் கிடைக்கும். இதனோடு சவர்க்காரமும் கந்தகமும் பிறவும் கலந்து காற்றேற அடிப்பர். பின்பு உறைமருந்திட்டு, உள்ளே வரிசையாக முளைகள் நிற்கும் அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைப்பர். அம்முளைகள் விட்ட பள்ளங்களே ரப்பர் மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் துளைகள். வெந்தபின் கழுவி உலர்த்தினால் ஆயிரமாயிரம் நுண்ணறைகள் கொண்ட மெத்தை ஆகிறது. அமுக்கினால் காற்று வெளியேறும். விட்டால் மீண்டும் உள்ளிழுத்து நிமிரும். இலவம் பஞ்சைப்போல் நாளடைவில் கட்டிதட்டிப் போவதில்லை. ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நுரைமெத்தைச் சந்தையிலும் 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்ட பாலியுரித்தேன் என்னும் செயற்கைப் பொருளே முந்திக்கொண்டது.

‘சராசரி மனிதன்’ எங்கே?

ஆசனத்தை யாருடைய அளவுக்குச் செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஆசிரியர்களும் அறியத்தக்கது. 1950-இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. சராசரி அளவுக்கு ஆசனம் அமைத்தால் பெரும்பாலார்க்குப் பொருந்தும் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அந்த 4,063 பேரின் அளவுகளில் உயரம், மார்பு, கைந்நீளம் முதலிய பத்தை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுப்பகுதியில் நிற்கும் நூற்றுக்கு 30 பேரைச் ‘சராசரி’ என்று தாராளமாகவே வகுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை! மூன்றே அளவுகளை எடுத்துப் பார்த்தாலும் நூற்றுக்கு நான்கு பேர் தேறவில்லை. சராசரிக்கென்று செய்த ஆசனம் ஒருவருக்கும் பொருந்தாத ஆசனம் என்பது தெளிவாயிற்று. முன்னும் பின்னும் நகரும் இருக்கை, நீட்டிக் குறுக்கும் மிதிகட்டை, இழுத்துக் கட்டும் வார் ஆகியவற்றை விமானப்படை வற்புறுத்தத் தொடங்கியது இதன் பின்னரே. ஒரே உயரத்து வாங்கில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் அமர்த்திவிட்டு, ‘நேராக உட்கார்’ என்று அதட்டுகிற நமக்கும் இதில் செய்தி இருக்கிறது.

கைவினை விமானம் கட்டுவோர்க்கு இங்கே ஒரு பெரும் வாய்ப்பு. தொழிற்சாலை பல்லாயிரம் பேரை எண்ணிச் செய்ய வேண்டும். இவர் தம் ஓருடலை எண்ணிச் செய்தால் போதும்.

அளவும் அமைப்பும்

நல்ல கட்டுநர் முதலில் மெத்தையைத் தொடுவதில்லை. கட்டியட்டையாலும் மெல்லிய பலகையாலும் ஒரு போலி அறை அமைத்து, அதில் அமர்ந்து பார்க்கிறார். கால் மிதிகட்டையை முழுவதும் அழுத்தும்போது முழங்கால் விறைக்கலாகாது. கைக்கோலை வயிற்றுவரை இழுக்கும்போது மெத்தையின் முன்விளிம்போ தொடையோ தடுக்கலாகாது. கண் மட்டம் முன்கண்ணாடிக்குச் சரியாக வரவேண்டும். தலைக்கும் கூரைக்கும் இடைவெளி வேண்டும். மெத்தை எடையால் அமுங்குமாதலால், இவற்றையெல்லாம் ஆள் அமர்ந்த நிலையிலேயே அளக்க வேண்டும். வெறும் மெத்தையின் கனத்தை வைத்துக் கணக்கிட்டால் அமரும்போது கண் தாழ்ந்துவிடும்.

உட்காரும்போது மேலுடலின் பாரம் பெரும்பாலும் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு சிறு முனைகளில் இறங்குகிறது. வீட்டு நாற்காலியில் நாம் நம்மையறியாமலே அடிக்கடி அசைந்து இந்தப் பாரத்தை மாற்றிக்கொள்கிறோம். விமானத்தில் வாரால் கட்டுண்டவர்க்கு அவ்வசதி இல்லை; அழுந்திய இடத்தில் குருதியோட்டம் தளர்ந்து மரத்துப்போகும். ஆகவே அம்முனைகள் படியும் இடத்தைச் சற்றுக் குழிவாக்கி, பாரத்தில் ஒரு பங்கைத் தொடைகள் ஏற்குமாறு இருக்கையின் முன்பக்கத்தைச் சிறிது உயர்த்துவர். மிகையாக உயர்த்தினால் முழங்காலின் பின்புறம் அழுந்திக் கால் உணர்விழக்கும். முதுகுச் சாய்மானம் சற்றே பின்சாய்ந்திருக்க, இடுப்பின் உள்வளைவு விழுமிடத்தில் ஒரு சிறு திண்டு வேண்டும். லாரி ஓட்டுநர் ஒருவர் கோணியை மடித்து இடுப்புக்குப் பின்னே செருகிக்கொள்வதைக் கண்டிருப்போம். அவர் செய்வது இந்த வேலையைத்தான். உடற்கூற்று நூல் படியாமலே செய்கிறார்.

அமெரிக்கர் பர்ட் ரூட்டான் வகுத்த லாங்-ஈஸி போன்ற கைவினை விமானங்களில் ஓட்டுபவர் சாய்வுநாற்காலியில் சாய்வதுபோலச் சாய்ந்தே அமர்கிறார். பாரம் முதுகு முழுதும் பரவுவதால் மெல்லிய மெத்தையே போதுமாகிறது. அவர் வகுத்த வாயேஜர் என்னும் விமானம் 1986 டிசம்பரில் இருவரை ஏற்றிக்கொண்டு, இறங்காமலும் வழியில் எண்ணெய் நிரப்பாமலும் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மெத்து மெத்தென்பது ஆபத்து

இனி இந்தக் கலையின் உயிர்நிலைக்கு வருவோம். மெத்தை எவ்வளவு மிருதுவோ அவ்வளவு பாதுகாப்பு என்றே யாரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறு.

சிறு விமானங்களின் ஆசனங்களைச் சோதிக்க அமெரிக்க அரசு 1988-இல் வகுத்த விதியில், கீழ்நோக்கிய மோதலின் வேகம் நொடிக்கு 31 அடி. பள்ளிக் கணக்கிலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். ஏறத்தாழ 15 அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகம் அது. அவ்வேகத்தில் வரும் உடலை அரை அடி தொலைவுக்குள் சீராக நிறுத்தினால், 15-ஐ அரையால் வகுத்து, எடையைப்போல் முப்பது மடங்கு விசை தாக்கும் என்று கொள்ளலாம். 70 கிலோ எடையுள்ளவர் 2,100 கிலோவின் அழுத்தத்தை உணர்வார். ஓரடித் தொலைவில் நிறுத்தினால் அது பதினைந்து மடங்காகக் குறைகிறது. நிறுத்தும் தொலைவு கூடக்கூட அடி குறைகிறது என்பதே இதன் சாரம். ஹியூ டிஹேவன் என்னும் அமெரிக்கர், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்த எண்மரின் நிலையை ஆராய்ந்து 1942-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். விழுந்த இடம் எவ்வளவு இடங்கொடுத்தது என்பதே அங்கும் முதன்மையான செய்தி.

அவ்வாறாயின் ஆறங்குலக் கனமுள்ள மெத்தை ஆறங்குலத் தொலைவைத் தராதா எனலாம். மிருதுவான மெத்தை தராது. அது தடையே இன்றி அமுங்குகிறது. கீழே தளம் நின்றுவிட்டது. மேலே உடலோ அந்த ஆறங்குலத்தையும் வேகங்குறையாமல் கடந்து, முற்றும் நசுங்கிய மெத்தையோடு தளத்தில் போய் மோதுகிறது. ஆறங்குலமும் வீணாயிற்று. இருக்கையோடு ஒட்டியிருந்தால் தளத்தோடு சேர்ந்தே மெல்ல நின்றிருக்க வேண்டிய உடல், பிந்தி வந்து திடீரென நிற்கிறது. போர் விமானங்களில் ஓட்டுநரை ஆசனத்தோடு வெளியே வீசும் அமைப்பைச் செய்தவர்கள், மிருதுவான திண்டு முதுகெலும்பு முறிவைக் கூட்டுகிறது என்பதைத் தொடக்கக் காலத்திலேயே கண்டுகொண்டனர்.

எனவே வேண்டுவது, மெல்ல அமுக்கினால் இடங்கொடுத்து, திடீரெனத் தாக்கினால் எதிர்த்து நிற்கும் பொருள். குளத்து நீரில் கையை மெல்ல இறக்கினால் நீர் விலகுகிறது; ஓங்கி அறைந்தால் உள்ளங்கை சிவக்கிறது. ஏறத்தாழ இத்தகைய குணமுள்ள நுரையைச் சார்லஸ் யோஸ்ட் என்பார் 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கினார். விமான ஆசனத்துக்கென்றே பிறந்த அப்பொருள்தான், கைத்தடம் பதிந்து மெல்ல மறையும் விலைமிக்க தலையணையாக இன்று கடைகளில் விற்கிறது. நம் தோட்டத்து ரப்பர் நுரையின் குணம் வேறு. வாங்கிய விசையைத் துள்ளித் திருப்பிக் கொடுப்பது அதன் இயல்பு. நாளெல்லாம் அமர்வதற்கு அது இன்பந்தரும். மோதலில் அத்துள்ளலே குறையாகிறது. பெருமைக்குரிய நம் பொருளாயினும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அனுபவமுள்ள கட்டுநர் இதனால் ஒரே மெத்தையை நம்புவதில்லை. தளத்தின்மேல் கெட்டியான, மெதுவாக இடங்கொடுக்கும் நுரை, அதன்மேல் நடுத்தரமானது, மேலே மெல்லிய மிருதுவான படலம் என அடுக்குகிறார். இவ்வகை நுரை குளிரில் இறுகி வெப்பத்தில் இளகும். குளிர்நாட்டுக் காலைப்பொழுதில் பலகைபோல் இருப்பது, உடற்சூடு ஏற ஏறத்தான் வசப்படும். நம் நாட்டு வெயிலில் அதே நுரை அளவுமீறி இளகக்கூடுமாதலால், ஒரு படி கெட்டியானதைத் தேர்வதே அறிவுடைமை.

வாரும் உறையும்

மெத்தை எவ்வளவு சிறந்ததாயினும் வார் தவறினால் பயனில்லை. இடுப்பு வார் வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்பின்மேல் படியவேண்டும். தரையோடு ஏறத்தாழ 45 முதல் 55 பாகைக் கோணத்தில் இறங்குவது நன்று. மோதலில் உடல் வாருக்கு அடியே வழுக்கி முன்செல்லாமல் தடுப்பதற்கும் இருக்கையின் முன்பக்க உயர்ச்சி துணைசெய்கிறது. தோள் வார், தோளிலிருந்து ஏறத்தாழ நேராகப் பின்சென்று சட்டத்தில் பூட்டப்பட வேண்டும். தாழ்ந்து சென்றால் மோதலின்போது அதுவே முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். தக்கபடி கட்டப்பட்ட உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு, 1954 டிசம்பர் 10-ஆம் நாள் ஜான் ஸ்டாப் என்னும் மருத்துவர் தம் உடலையே சான்றாக்கினார். ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று, ஒன்றரை நொடிக்குள் நின்றார். தம் எடையைப்போல் 46 மடங்கு விசையைத் தாங்கினார், உயிர் பிழைத்தார்.

இருக்கை நகரும் தண்டவாளத்தின் பூட்டையும் ஐயுற்றுப் பார்க்க வேண்டும். ஓடுதளத்தில் விரைந்து எழும்பும் நேரத்தில் பூட்டு நழுவி இருக்கை பின்னோக்கி ஓடினால், ஓட்டுபவர் தம்மையறியாமல் கைக்கோலைப் பற்றி இழுப்பார். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளங்களைக் காலந்தோறும் சோதிக்கவேண்டும் என அமெரிக்க அரசு 1987-இல் கட்டளையிட்டது இக்காரணத்தாலேயே.

உறை தைப்பது நல்ல தையற்காரர்க்கு எளிய வேலை. மெத்தையைவிட உறையைச் சற்றுச் சிறிதாக வெட்டினால்தான் சுருக்கமின்றி இழுத்து நிற்கும். தொடையின் கீழும் இடுப்பின் அடியிலும் தடித்த தையல் வரலாகாது. ஒரு மணி நேரத்தில் அது கயிறுபோல் உறுத்தும். ஈரக்காற்று மிகுந்த நாட்டில் பூஞ்சணம் பிடிக்குமாதலால் கழற்றித் துவைக்கத்தக்கதாக இருத்தல் நலம். துணியைத் தேர்வதில் அழகைவிட நெருப்பே முதற்கேள்வி. பாலியுரித்தேன் நுரை எரிந்தால் வரும் புகை நஞ்சு. பெரிய விமானங்களுக்கான சோதனைகளில் ஒன்று, துணித் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 நொடி சுடர் காட்டுவது. சுடரை எடுத்தபின் 15 நொடிக்குள் தானே அணையவேண்டும். கைவினை விமானத்துக்கு இது கட்டாயமன்று. எனினும் வாங்கிய துணி, நுரை, பசை மூன்றையும் சேர்த்து ஒட்டிய ஒரு துண்டை வெட்டவெளியில் வைத்து இவ்வாறு எரித்துப் பார்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை. கம்பளித் துணி பெரும்பாலும் இச்சோதனையில் தேறும்.

எல்லாம் முடிந்தபின் ஆசனத்தை விமானத்தில் பூட்டி, இறக்கை ஏறாத அந்தக் கூட்டுக்குள் கட்டுநர் ஏறி அமர்வார். வார்களை இறுக்கிக்கொண்டு, கால்களை மிதிகட்டையிலும் கையைக் கோலிலும் வைத்தபடி, ஒரு புத்தகத்தோடு மூன்று மணி நேரம் அப்படியே இருப்பார். முதல் அரைமணியில் எந்த ஆசனமும் நன்றாகத்தான் இருக்கும். வலி எங்கே முதலில் தோன்றியதோ அவ்விடத்தைச் சாக்கட்டியால் குறித்து, உறையைக் கழற்றி, அங்கே அரை அங்குல நுரையைச் சீவியோ சேர்த்தோ ஒட்டி, மறுநாள் மீண்டும் ஏறி அமர்வார்.